கொத்தரிசியும் தீராப் பசியும்

ஊவா மாகாணத்தின் தலைநகராகிய பதுளையிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் பாதை பசறையைக் கடந்தபின் வளைந்து வளைந்து மேலேறி மடுல்சீமை மலைத்தொடரை அடைகின்றது. அம்மலைத்தொடரின் கிழக்கு விளிம்பில் நிலம் சட்டெனச் சரிந்து, நெடுந்தொலைவுக்குத் தாழ்நிலக் காடுகளாகவும் வயல்களாகவும் விரிகின்றது. இவ்விடத்தின் பெயர் உலகத்துத் தாவரநூலார் அனைவருக்கும் தெரிந்த ஒன்று. கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் துகளாகப் படிந்து, இறுதியில் இலங்கையின் கோப்பிப் பயிர்ச்செய்கை முழுவதையும் அழித்தொழித்த இலைத்துரு நோய் இலங்கையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1869ஆம் ஆண்டு, மடுல்சீமைத் தோட்டம் ஒன்றிலேயே ஆகும். பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த துவெயிற்சு அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பார்க்லி என்னும் காளானியல் அறிஞர் அந்நோய்க்கிருமிக்குப் பெயர் சூட்டினார். 1880இல் மார்சல் உவாட் இலங்கைக்கு வந்து அதன் வாழ்க்கை வரலாற்றை ஆராய்ந்தார். ஓர் இலையின் நோயைப்பற்றி இவ்வளவு செய்தி எழுதிவைக்கப்பட்டிருக்கின்றது.

அவ்விலைகளுக்கிடையே நின்று பழம் பறித்த மக்கள் அன்று எதை உண்டனர், உண்டபின் பசி அடங்கிற்றா என்று வினவினால், பழைய ஏடுகள் ஒரே ஒரு விடையைத்தான் தருகின்றன: அரிசி, இத்தனை புசல். கருவாட்டுக்குக் கணக்கில்லை, பருப்புக்குக் கணக்கில்லை, கீரைக்குக் கணக்கு இருந்திருக்கவும் முடியாது. அரிசிக்கு மட்டும் கணக்கு இருந்தமைக்குக் காரணம் உண்டு. தென்னிந்தியாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும், பின்னர்ப் பெரும்பாலும் பர்மாவிலிருந்தும் கப்பலேறி வந்த அரிசி, கொழும்பிலிருந்து மாட்டு வண்டிகளிலும், வண்டி ஏறாத மலைகளில் தவளம் எனப்பட்ட பொதிமாடுகளின் முதுகிலும் ஏற்றப்பட்டுத் தோட்டங்களைச் சென்றடைந்தது. நானுஓயாவுக்கு 1885இலும் பண்டாரவளைக்கு 1894இலும் வந்த புகையிரதம் பதுளையை எட்டியது 1924இலேதான். அதுவரை ஊவாவின் கிழக்கு மலைகளில் ஒரு மூடை அரிசியின் விலையில் பாதையின் விலையும் சேர்ந்தே இருந்தது. தோட்டம் அவ்வரிசியைத் தொழிலாளருக்கு அளந்து கொடுத்து, அதன் விலையைச் சம்பளத்திலிருந்து கழித்துக்கொண்டது. எனவே அரிசி உணவாக மட்டுமன்றிக் கடனாகவும், கூலியின் ஒரு பகுதியாகவும், தொழிலாளரைத் தோட்டத்தோடு பிணைக்கும் கயிறாகவும் இருந்தது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இந்தியத் தொழிலாளரின் நாட்கூலியை வரையறை செய்தபோதும், தோட்டம் கொடுக்கும் அரிசியின் விலையை அக்கூலியோடு இணைத்தே நிறுத்தது.

ஒரு புசல் என்பது 32 கொத்து. ஒரு கொத்து அரிசி ஏறத்தாழ 2 இறாத்தல் நிறையுடையது. இவ்வளவைகளை மனத்திலிருத்திக் கொண்டால் பின்வரும் செய்தி விளங்குதல் எளிதாகும்.

சோறுண்ணும் உழைப்பாளி மக்களைப்பற்றி ஓர் ஏளனம் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. இவர்கள் மலைபோற் குவித்துண்பர்; உண்டு இரண்டு நாழிகையில் மீண்டும் பசி என்பர் என்பதே அது. ஏளனத்தை நீக்கிவிட்டுப் பார்த்தால், அதற்குள் உண்மையான ஓர் உடலியல் அவதானம் ஒளிந்திருத்தலைக் காணலாம். வயிறு நிறைவது ஒன்று. பசி தணிவது வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையே நிற்கும் பொருள்களுள் தலையாயது புரதம்.

உடலைக் கட்டுவது புரதம் என்பது பள்ளிச் சிறாரும் அறிந்ததே. அது பசியையும் ஆளுகின்றது என்னும் செய்தியோ, அண்மைக் காலத்தில்தான் அளவைகளோடு நிறுவப்பட்டது. சிற்றுணவு உண்ட சிறிது நேரத்துக்குள் குடலின் கீழ்ப்பகுதியிலிருந்து சில ஓமோன்கள் குருதியிற் கலந்து, போதும் என்னும் செய்தியை மூளைக்குக் கொண்டுசெல்கின்றன. இரைப்பையிலிருந்து பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஓமோன் ஒன்றும் சுரக்கின்றது. இதனை 1999இல் யப்பானிய அறிஞர்கள் கண்டுபிடித்தனர். புரதம் மிகுந்த உணவு முற்கூறியவற்றைப் பெருக்குவதிலும் பிற்கூறியதை அடக்குவதிலும் வல்லது. அன்றியும், புரதம் செரிக்கும்போது அதன் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அச்செரிமானத்திற்கே செலவாகின்றது. மாப்பொருளுக்கு இச்செலவு மிகக் குறைவு. ஒரே அளவு கலோரி கொண்ட இரண்டு உணவுகளுள் புரதம் கூடியது நெடுநேரம் பசி தாங்குவதற்கு இவை காரணங்கள் ஆகும்.

இவற்றினும் ஆழ்ந்த ஒரு கருத்தை 2005ஆம் ஆண்டில் சிம்சன், இரோபன்கைமர் என்னும் அறிஞர் இருவர் வெளியிட்டனர். அவர்கள் முதலில் ஆராய்ந்தது மனிதரையன்று, வெட்டுக்கிளிகளை. வெட்டுக்கிளிக்குப் புரதம் குறைந்த உணவைக் கொடுத்தால், தனக்கு வேண்டிய புரதம் கிடைக்கும்வரை அது தின்றுகொண்டேயிருக்கின்றது. மாப்பொருள் மிகையாகச் சேர்வதைப் பொருட்படுத்துவதில்லை. மனிதரின் பசியும் இவ்வாறே புரதத்தைக் குறியாகக் கொண்டு இயங்குகின்றது என்பது அவர்தம் கொள்கை. 2011இல் சிட்னி நகரில் இது சோதித்துப் பார்க்கப்பட்டது. 22 பேருக்கு நான்கு நான்கு நாட்களாக மூவகை உணவு வழங்கப்பட்டது; சுவையிலும் தோற்றத்திலும் மூன்றும் ஒன்றுபோலவே இருந்தன; ஆற்றலில் புரதத்தின் பங்கு மட்டும் நூற்றுக்கு 10, 15, 25 என வேறுபட்டது. 15 பங்கு உண்ட நாட்களைவிட 10 பங்கு உண்ட நாட்களில் அவர்கள் நூற்றுக்கு 12 அளவு கூடுதலான ஆற்றலை உண்டிருந்தனர். பெரிய உணவுவேளைகளில் அன்று. இடைவேளைகளில் கொறிக்கும் தீனியிலேதான் அக்கூடுதல் பெரும்பாலும் நிகழ்ந்தது. அத்தீனியிலும் இனிப்பைக் காட்டிலும் உவர்ப்புச் சுவையுடையவற்றையே அவர்கள் அதிகமாக நாடினர். 

இனி மடுல்சீமைக்குத் திரும்புவோம். அரிசியில் நூற்றுக்கு 6 அல்லது 7 பங்கே புரதம். ஆற்றலாகக் கணக்கிட்டால் 8 பங்கு. சிட்னியில் குறைந்த உணவு எனக் கொள்ளப்பட்டதினும் இது குறைந்தது. ஒரு மனிதன் நாளொன்றுக்கு 60 கிராம் புரதத்தைச் சோற்றிலிருந்து மட்டுமே பெற வேண்டுமாயின் அவன் உண்ண வேண்டிய அரிசி ஏறத்தாழ 2 இறாத்தல்; அஃதாவது முழுதாக ஒரு கொத்து. மாதக் கணக்கில் கிட்டத்தட்ட ஒரு புசல். மலைபோற் குவித்த சோறு என்னும் ஏளனத்துக்கு இதனினும் தெளிவான விளக்கம் வேண்டுவதில்லை. புரதம் தேடும் உடல், புரதம் அருகிய தானியத்தில் அதனைத் தேடிய அளவே அக்குவியல். சிட்னியில் சோதனைக்கு வந்தவர் பசித்தபோது எழுந்துசென்று கூடுதலாக உண்டனர். இலயத்து மனிதனால் அது இயலவில்லை. அவன் கொத்து செக்குறோலில் முன்னரே எழுதப்பட்டுவிட்டது. தனக்கும் மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்குமாக அளந்து வந்த அரிசி ஐந்து பேருக்கும் ஒருநாளும் ஒருசேரப் போதியதில்லை.

இம்மக்கள் தாயகத்தை விட்டு வந்தபோது எதை உண்டு வந்தனர் என்பதையும் கருத வேண்டும். திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், மதுரை, சேலம் ஆகிய வறண்ட பகுதிகளின் புன்செய் ஊர்களிலிருந்தே பெரும்பாலோர் வந்தனர். அங்கே நெற்சோறு ஏழைக்கு விழாநாளுணவு. அன்றாட உணவு கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் வரகும் சோளமும். தொட்டுக்கொள்ளக் கொள்ளுத் துவையலோ மொச்சைக் குழம்போ உண்டு. கம்பின் ஆற்றலில் 13 பங்கு புரதத்தினால் ஆவது; கொள்ளில் 27 பங்கு. இதனால் பழைய ஊரில் பாலும் தேனும் ஓடின என்று கருதிவிடலாகாது. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும் பஞ்சத்தில் கம்பும் இல்லை, கொள்ளும் இல்லை. அப்பஞ்சமே எண்ணற்றோரை இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் துரத்திக் கடல்கடக்க வைத்தது. எனினும் மழை பெய்த ஆண்டில் புன்செய் உழவன் வீட்டில் தானியத்தோடு பயறும் சேர்ந்தே விளைந்தது. ஒரே கொல்லையில் கம்புக்கிடையே அவரையும் தட்டைப்பயறும் ஊடுபயிராகப் படர்ந்தன. தோட்டத்துக்கு வந்தபின் தானியம் மட்டும் கப்பலேறி வந்தது. ஊடுபயிர் ஊரிலேயே நின்றுவிட்டது. நாள்தோறும் நெற்சோறு உண்ணுதல் அவர்தம் பார்வையில் ஓர் உயர்வாகவே பட்டிருக்கும். அவ்வுயர்வின் விலை உடலுக்குத்தான் தெரிந்தது.

ஒரு நன்மையையும் இங்கே சொல்லுதல் நியாயம். தமிழர் விரும்பியது புழுங்கலரிசி. நெல்லை அவித்துக் குத்துவதால் தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து ஓரளவு அரிசிக்குள் இறங்கித் தங்கிவிடுகின்றது. மலாயாவில் தீட்டிய பச்சையரிசி உண்ட சீனத் தொழிலாளர் பெரிபெரி நோயால் மாண்டபோது, புழுங்கலரிசி உண்ட தமிழர் பெரிதும் தப்பினர் என்பதனைப் பிராடன் என்னும் மருத்துவர் 1907இல் எடுத்துக்காட்டினார். ஆனால் புழுக்கல் புரதத்தைப் பெருக்குவதில்லை. ஒரு நோயைத் தடுத்த அரிசி, இந்தப் பசியைத் தடுக்கவில்லை.

அக்காலத்திலேயே இதனை ஐயுற்ற ஒருவர் இருந்தார். நீலகிரியில் குன்னூரில் உணவாராய்ச்சி நடத்திய மருத்துவர் இராபர்ட்டு மக்காரிசன், இந்தியாவின் பல்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை அப்படியே எலிகளுக்குக் கொடுத்து, அவற்றின் வளர்ச்சியை நிறுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டியும் பாலும் பருப்பும் காய்கறியும் எப்போதாவது இறைச்சியும் உண்ட சீக்கிய உணவு எலிகள் முதலிடம் பெற்றன; சோறே பெரும்பகுதியான சென்னை மாகாண உணவை உண்ட எலிகள் கடைசியில் நின்றன. மக்காரிசன் சுட்டிய குறைகளுள் புரதத்தின் தரமும் ஒன்று; உயிர்ச்சத்துகளும் உப்புகளும் பிற. அவருக்குப்பின் 1935இல் குன்னூர் நிலையத்தின் தலைவரான அயிக்ரோயிட்டு, இந்திய உணவுப்பொருள்களின் சத்து அட்டவணையை 1937இல் வெளியிட்டார். பின்னாளில் தென்னாசியாவில் உணவைப்பற்றி எழுதியோர் பலருக்கும் அவ்வட்டவணை கைநூலாயிற்று. அரிசிக்கு அருகே பருப்பையும் கருவாட்டையும் எண்களாக வைத்து ஒப்பிடுவதற்கு அது வழிசெய்தது. தோட்டத்துச் செக்குறோல் ஒருநாளும் செய்யாத வேலை அது.

எல்லாப் பசியும் எல்லா வேட்கையும் புரதத்தால் வருவன என்று கொள்ளுதலும் தவறு. தோட்டங்களில் மண் தின்னும் பெண்களையும் சிறுவர்களையும் பழைய மருத்துவர்கள் கண்டு வியந்தனர். அது பெரும்பாலும் குருதிச்சோகையோடு தொடர்புடையது. வெறுங்காலோடு ஈரமண்ணில் நடந்தவரின் தோலைத் துளைத்து உட்புகுந்த கொக்கிப்புழு குடலில் தங்கிக் குருதியை உறிஞ்சியது, இரும்புச்சத்து குன்றியது. 1916இல் இறொக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கையில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோது தோட்டங்களையே முதற்களமாகக் கொண்டனர். உறிஞ்சப்பட்ட குருதியோடு புரதமும் போயிற்று என்பதையும் மறக்கலாகாது. குறைவாக உண்ட புரதத்திலும் ஒரு பங்கு புழுவுக்குப் போனபின் எஞ்சியதே உழைப்பவனுக்கு.

அரிசியின் ஆட்சிக்கு முதல் அடி விழுந்தது 1942இல். அவ்வாண்டு மார்ச்சில் இரங்கூன் யப்பானியர் கையில் வீழ்ந்தது. பர்மா அரிசி நின்றது. இலங்கையில் உணவுப் பங்கீடு வந்தது. அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தது. மாவை எவ்வாறு ஆக்குவதென்றே அறியாத மக்கள் அதனைத் தட்டி ஓட்டில் சுட்டு ரொட்டியாக்கப் பழகினர். போர் முடிந்தது, அரிசி மீண்டும் வந்தது, ஆனால் ரொட்டி போகவில்லை. விடியுமுன் பிரட்டுக்களத்துக்கு ஓட வேண்டிய பெண்ணுக்குச் சோறும் கறியும் ஆக்க நேரம் இல்லை. ரொட்டி சுடலாம், பொதிகட்டி மலைக்குக் கொண்டுபோகலாம், ஆறினாலும் கெடாது. மலையகத்தின் காலை உணவும் பல வீடுகளில் பகலுணவும் அன்றுமுதல் ரொட்டியும் சம்பலுமாயின.

எண்களை மட்டும் நோக்கினால் கோதுமை அரிசியினும் மேல்: அதன் ஆற்றலில் ஏறத்தாழ 12 பங்கு புரதம். ஆயினும் ரொட்டியால் பசி தீர்ந்ததா என்றால், இரண்டு காரணங்களால் இல்லை எனலாம். கோதுமைப் புரதத்தில் லைசின் என்னும் அமினோவமிலம் அரிசியிலும் குறைவு. உடல் அப்புரதத்தை முழுமையாகப் பயன்படுத்த முடியாது. பருப்பில் அந்த லைசின் நிறைய உண்டு. சோற்றோடோ ரொட்டியோடோ பருப்புச் சேரும்போது ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகின்றது. இரண்டாவது காரணம் சமையலறையில் இருந்தது. சோற்றுக்குப் பருப்போ கருவாட்டுக் குழம்போ ஏதாவதொன்று வேண்டும். வெறுஞ்சோறு தொண்டையில் இறங்காது. ரொட்டிக்கு அரைத்த மிளகாயும் வெங்காயமும் தேங்காய்ப்பூவும் போதும். சம்பல் நாவைத் தூண்டுமே யன்றிப் புரதத்தைத் தாராது. ஆகவே புரதம் சற்றுக் கூடிய தானியம் வந்தபோது அதனோடு சேர்ந்துண்ணும் புரதம் தட்டிலிருந்து விலகிக்கொண்டது. ஊறவைத்த சாயத்தின் கடுப்பும் சீனியின் இனிப்பும் கலந்த தேநீர் அவ்விடத்தை நிரப்பிற்று. மலையுச்சியில் வெற்றிலைச் சுருள் நிரப்பிற்று. வெற்றிலையும் புகையிலையும் பசியை மறக்கடிப்பவை, தணிப்பவையல்ல.

இவ்விடத்தில் கருவாட்டைப்பற்றி ஒரு சொல். கடலினின்றும் விலகி, மூவாயிரம் நாலாயிரம் அடி உயரத்தில் வாழும் மக்கள் கருவாட்டின்மேல் வைத்த விருப்பத்தை வெளியார் சுவைப்பழக்கம் என்று கூறி நகைத்துவிடுவர். 2012இல் நெதர்லாந்தில் ஓர் ஆய்வு நடந்தது. இரண்டு கிழமை புரதம் குறைந்த உணவுண்டோர், அதன்பின் விரும்பியதை உண்ணுமாறு விடப்பட்டபோது, உவர்ப்பும் புலால்சுவையும் உடைய, புரதம் மிகுந்த உணவுகளையே தேடிச் சென்றனர். உடலில் புரதம் குன்றும்போது கல்லீரலிலிருந்து ஓர் ஓமோன் மிகுந்து சுரந்து உணவுநாட்டத்தை மாற்றுகின்றது என்பதும் எலிகளைக்கொண்டு 2014இல் காட்டப்பட்டது. காய்ந்த நெத்தலியில் பாதிக்கு மேற்பட்ட நிறை புரதமே. அரிசிக் கொத்தையும் மாத்தூளையும் நம்பி வாழ்ந்த இலயத்தில், ஒரு வீட்டில் கருவாடு வறுபட்டால் மறுகோடி வீடுவரை பிள்ளைகள் மூக்கை நிமிர்த்துவது வெறும் நாவின் சபலமன்று.

நிற்க. புரதத்தின் பெருமையைப் பேசுவோர் அறிந்திருக்க வேண்டிய பிறிதொரு வாதம் உண்டு. 1960களில் உலக நிறுவனங்கள் ஏழை நாடுகளின் முதற்குறை புரதமே எனக் கருதின. 1968இல் ஐக்கிய நாடுகள் சபையின் அறிக்கை புரத நெருக்கடி வரப்போகின்றது என எச்சரித்தது. அதனை மறுத்து 1974இல் மக்லாரன் என்னும் மருத்துவர் இலண்டன் மருத்துவ இதழொன்றில் காரசாரமாக எழுதினார். வயிற்றுக்குப் போதிய சோறே இல்லாதவனுக்குப் புரதத்தைக் கொடுத்தால், உடல் அப்புரதத்தையும் விறகாக எரித்துவிடும். முதலில் வேண்டுவது போதிய உணவு என்பதே அவர் போன்றோரின் வாதம். இந்தியாவில் சுகாத்மேயும் கோபாலனும் இதே முடிவுக்கு வெவ்வேறு வழியில் வந்தனர். இவ்வாதம் பெரிதும் உண்மை. எந்த ஆண்டில் இது அச்சேறியதோ அதே ஆண்டில் இலங்கைத் தோட்டங்கள் அதற்குக் கொடிய சான்றாயின.

1966 டிசம்பரில் இலங்கையின் வாராந்த அரிசிப் பங்கு ஒருவருக்கு 2 கொத்திலிருந்து ஒரு கொத்தாகக் குறைக்கப்பட்டது. அவ்வொரு கொத்து இலவசமாயிற்று. முற்கூறிய கணக்கின்படி சோற்றிலிருந்து மட்டும் புரதம் பெற நாளுக்கு ஒரு கொத்து வேண்டும் என்பதை இங்கே நினைவுகூரலாம். 1972க்குப்பின் உலகச் சந்தையில் கோதுமையின் விலை ஏறிற்று. நாட்டில் அந்நியச் செலாவணி இல்லை. மாவும் சீனியும் அரிசியும் சுருங்கின. கிராமத்தவனுக்கு ஒரு துண்டு வயலோ ஒரு பலாமரமோ மரவள்ளிப் பாத்தியோ இருந்தது. இலயத்தவனுக்கு நிலமில்லை, வாங்கிய மாவை நம்பி முப்பதாண்டு வாழ்ந்தவனுக்கு மா இல்லாதபோது வேறெதுவும் இல்லை. 1974இல் தோட்டப்பகுதிகளின் இறப்பு வீதம் நாட்டின் பொது வீதத்தைவிட மிக உயர்ந்து நின்றது. குழந்தைகளே அதிகம் மடிந்தனர். பலர் தோட்டங்களைவிட்டுப் பட்டணங்களுக்குப் பிச்சைக்கு இறங்கினர். அது புரதக்குறைவன்று, பஞ்சம். அந்நாட்களில் எவரும் புரதத்தைப்பற்றிப் பேசியிருந்தால் அது கொடுமையாகவே இருந்திருக்கும்.

பஞ்சம் நீங்கியபின் வரலாறு மறுபக்கம் திரும்புகின்றது. 1973இல் தொடங்கிய திரிபோச சத்துமாத் திட்டம் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் சிறு குழந்தைகளுக்கும் சோளமும் சோயாவும் கலந்த மாவை வழங்கிற்று. 1980இல் திருகோணமலையில் பிரிமா மா ஆலை இயங்கத் தொடங்கியது. கோதுமை மா நாடெங்கும் எளிதிற் கிடைத்தது. வயிறு நிரம்பப் போதிய ரொட்டி மலையகத்துக்கு மெல்ல வந்து சேர்ந்தது. ஆனால் சிட்னிச் சோதனை கூறும் நிலைமையும் அதனோடு சேர்ந்தே வந்தது: ஆற்றல் மலிவு, புரதம் அருமை. பெரியவர் சிலரின் உடல் பருக்கின்றது. பிள்ளைகள் வளர்த்தி குன்றுகின்றனர். இரண்டும் ஒரே கூரையின்கீழ் நிகழ்கின்றன. 2016ஆம் ஆண்டின் மக்கள்தொகை, சுகாதாரக் கணிப்பின்படி ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர் நாடு முழுவதும் நூற்றுக்கு 17.3, தோட்டத்துறையில் 31.7. இதற்குப் புரதம் ஒன்றையே குற்றஞ்சாட்ட இயலாது. தாயின் சோகை, குடிநீர், கழிப்பிடம், அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கு, குறைந்த நிறையோடு பிறத்தல் ஆகியவை யாவும் இதில் உண்டு. எனினும் ரொட்டியும் தேநீருமாய் வளரும் பிள்ளையின் தட்டில் முட்டையோ பயறோ பாலோ இல்லாமை இவற்றோடு சேர்த்தெண்ணத் தக்கதே.

பாலைப்பற்றிக் கேட்கலாம். இலயத்துக்குப் பின்னால் மாடு கட்டியிருக்கின்றதே என்பர். மாடு உண்டு, பால் விற்பனைக்கு. கறந்த பாலைக் காசாக்கி அக்காசில் மாவும் சீனியும் வாங்குதல் பல வீடுகளில் உள்ள வழக்கம். கோழி முட்டைக்கும் பல வீடுகளில் இதே கதி. கணக்குத் தெரியாமல் செய்யும் செயலன்று இது. ஒரு முட்டையின் விலைக்குக் கிடைக்கும் மா, அம்முட்டையினும் கூடுதலாக வயிற்றை நிரப்பும். முட்டையோ ஒருவருக்குக்கூடப் போதாது. வறியவர் வீட்டுக் கணக்கு ஆற்றலின் விலையைப் பார்க்கின்றது. புரதத்தின் விலையைப் பார்ப்பதற்கு அங்கே பணம் இல்லை. இதனோடு, வீட்டில் உள்ளதைப் பகிர்வதிலும் ஒரு முறை உண்டு. ஆணுக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறியபின் சட்டியில் மிஞ்சியதே பெண்ணுக்கு. குழம்பில் கிடந்த கருவாட்டுத் துண்டுகள் அதற்குள் கரையேறியிருக்கும். நாள்முழுதும் கூடை சுமந்து கொழுந்தெடுப்பவளும், வயிற்றில் பிள்ளையைச் சுமப்பவளும், பின் பாலூட்டுபவளும் அவளே. அவளுக்கு வேண்டிய புரதம் அவ்வீட்டில் எவருக்கும் வேண்டியதினும் அதிகம். கிடைப்பது எல்லாரினும் குறைவு. மாலையில் அவள் இனிப்புத் தேநீரோடு இரண்டு பிஸ்கற்றை நாடுவதை அடங்காத நாக்கென்று எவரேனும் கூறின், காலைமுதல் அத்தட்டில் விழுந்தவற்றை எண்ணிப் பார்த்தபின் கூறட்டும்.

மருந்துபோலப் புரதத்தை மிகையாக உண்டால் பசியே எழாது என்று இந்நாளில் விளம்பரம் செய்வோரின் சொல்லையும் அப்படியே நம்பலாகாது. ஒருவேளை உணவில் புரதம் கூடினால் அடுத்த சில மணிநேரம் பசி குறைவது தெளிவு. மாதக் கணக்கில் அவ்விளைவு மங்கிவிடுவதாகவே ஆய்வுகள் பல காட்டுகின்றன. குறைவை நிரப்புவது வேறு; நிறைந்த தட்டில் மேலும் குவிப்பது வேறு. நகரத்தில் பெட்டியில் விற்கும் புரதத்தூளுக்கும் மடுல்சீமையின் கேள்விக்கும் தொடர்பு ஏதுமில்லை.

மடுல்சீமையின் கேள்விக்கு விடை மளிகைக் கடையிலேயே இருக்கின்றது. 100 கிராம் மைசூர்ப் பருப்பில் 24 அல்லது 25 கிராம் புரதம். 350 கிராம் அரிசியில் உள்ள அளவு அது. ஒரு கைப்பிடி நெத்தலி, சோயா இறைச்சி எனப்படும் உலர்ந்த உருண்டைகள், கடலை, பாசிப்பயறு ஆகியவை யாவும் கோழியிறைச்சியினும் மலிவானவை. இலயத்து அடுப்புக்கு அறிமுகமானவை. 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் நெடும் போராட்டத்தின்பின் 1000 ரூபாவாயிற்று. அடுத்த ஆண்டே நாட்டின் பொருளாதாரம் சரிந்தது. 2022இல் கோதுமை மாவின் விலை சில மாதங்களுக்குள் பலமடங்காகிற்று. பருப்பும் பால்மாவும் நெத்தலியும் அதனோடு ஏறின. நாட்டின் மூன்று துறைகளுள் உணவுக்கு அல்லற்பட்ட குடும்பங்கள் மிகுந்திருந்தது தோட்டத்துறையிலேயே. அங்கே அவை பாதிக்கு மேலாயின என்பது உலக உணவுத் திட்டத்தார் அவ்வாண்டு கண்ட முடிபு. பணம் சுருங்கியபோது தட்டிலிருந்து முதலில் விலகியவை மீனும் முட்டையும் பாலும், அடுத்து பருப்பு, ரொட்டி கடைசிவரை நின்றது, அளவிற் சிறுத்து.